நாற்று ஏன் மஞ்சளாகிறது?

விதை முளைத்த பத்துப் பதினைந்து நாளில் நாற்றின் இலை மஞ்சளாவது எந்த நாற்றங்காலிலும் காணக்கூடியது. அதற்கு வழக்கமாகச் செய்யப்படும் வைத்தியம் யூரியா. சில சமயம் அது பலிக்கும். பல சமயம் பலிக்காது. வேர் ஏற்கெனவே நொந்துபோயிருந்தால், போட்ட யூரியாவே நாற்றை முடித்துவிடும். மஞ்சள் என்பது தனியொரு நோய் இல்லை என்பதால்தான் இப்படி நேர்கிறது. தழைச்சத்துக் குறைவு, இரும்புக் குறைவு, வேரடியில் தேங்கிய நீர், உப்பு, நச்சுயிரி, பூச்சி, போதாத வெளிச்சம், விதையிலேயே வந்த கோளாறு என எது நேர்ந்தாலும் இலை காட்டக்கூடிய நிறம் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் அந்த நிறம் எந்த இலையில் தொடங்கியது, இலையின் எந்தப் பகுதியில் பரவியது, எத்தனை நாற்றுகளில் எந்த ஒழுங்கில் வந்தது என்று பார்த்தால், நீளமான அந்தப் பட்டியலில் இரண்டோ மூன்றோதான் மிஞ்சும்.

இலைக்கு மஞ்சள் வெளியிலிருந்து வருவதில்லை. கரோட்டினாய்டு எனப்படும் மஞ்சள், ஆரஞ்சு நிறமிகள் நலமான இலையிலும் எப்போதும் இருக்கின்றன. பச்சையம் அவற்றை மறைத்துக்கொண்டிருக்கிறது. பச்சையம் குறையும்போது அவை தெரிகின்றன. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, ‘மஞ்சள் ஏன் வந்தது’ என்பதைவிட, ‘பச்சையம் ஏன் உருவாகவில்லை, அல்லது உருவானது ஏன் சிதைந்தது’ என்பதே. பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது. அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன் அணுக்கள். இந்த மூலக்கூறு பற்றிய ஆய்வுக்காக ரிச்சர்ட் வில்ஸ்டாட்டர் 1915-இலும், அதன் அமைப்பை மேலும் துலக்கியதற்காக ஹான்ஸ் ஃபிஷர் 1930-இலும் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். மெக்னீசியமும் நைட்ரஜனும் குறைந்தால் பச்சை மங்குவது இதனால் எளிதில் விளங்கும். இரும்பின் கதை வேறு. பச்சைய மூலக்கூறில் இரும்பு கிடையாது; ஆனால் அதை உருவாக்கும் வேதிவினைகளுக்கு இரும்பு இல்லாமல் முடியாது. கட்டடத்தில் ஒரு செங்கல்லாகவும் இல்லாத பொருள், இல்லாமல் போனால் கட்டடமே எழாது.

பூக்கும் தாவரங்களில் பச்சையம் உருவாவதன் இறுதிக் கட்டங்களில் ஒன்றுக்கு வெளிச்சமும் தேவை. தமிழகக் கிராமங்களில் அம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுபவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். வெயில் படாத அறையில் வளர்க்கப்படும் பயறும் நவதானியமும் உயரமாக, மெலிந்து, வெளிர்மஞ்சளாக எழுகின்றன. பச்சையத்துக்கு முந்தைய நிலைப்பொருள் அந்த இலைகளில் தயாராகவே இருக்கிறது. அதை அடுத்த நிலைக்கு மாற்றும் நொதி ஒளி பட்டால்தான் வேலை செய்யும். வெளியே எடுத்து வைத்தால் சில மணி நேரத்திலேயே பச்சை ஏறத் தொடங்கும். நாற்றங்காலில் மஞ்சளோடு தண்டும் நீண்டு, கணுக்களுக்கு இடையே தூரம் கூடி, நாற்று ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் முதல் ஐயம் நிழலின் மீதே விழ வேண்டும். இதற்கு எதிர்த் திசையிலும் ஒரு தவறு நடப்பதுண்டு. நிழல்வலைக்குள் வளர்ந்த நாற்றை ஒரே நாளில் முழு வெயிலுக்கு மாற்றினால், சூரியனை நோக்கியிருந்த இலைப்பரப்பு மட்டும் வெளுக்கும். மற்றோர் இலையின் நிழலில் இருந்த பகுதி பச்சையாகவே இருக்கும். அந்த நிழலின் வடிவமே சான்று.

மருந்தே வேண்டாத மஞ்சளும் ஒன்று உண்டு. தக்காளி, மிளகாய், கத்தரி, வெள்ளரி போன்ற இருவித்திலைத் தாவரங்களில் மண்ணைப் பிளந்து முதலில் வரும் இரண்டு இலைகள் உண்மையில் விதையின் பாகங்கள். அவற்றிலுள்ள சேமிப்பு தீர்ந்து, உண்மை இலைகள் சில விரிந்தபின் விதையிலைகள் மஞ்சளாகி உதிரும். அதற்குமேல் உள்ள இலைகள் பச்சையாக இருக்கும்வரை கவலைக்கு இடமில்லை. ஆனால் முதல் உண்மை இலை விரியும் முன்பே விதையிலை மஞ்சளானால் அது வேறு சேதி. அந்த வயதில் நாற்று இன்னும் விதையின் சேமிப்பைத்தான் உண்கிறது, எனவே உரக்குறைவைக் காட்டிலும் வேரில் கோளாறு இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இனி நோயறிதலின் அடிப்படை விதிக்கு வரலாம். தாவரத்துக்குள் சில சத்துகள் இடம்பெயரக்கூடியவை. சில ஒரு முறை இலையில் படிந்தால் அங்கேயே தங்கிவிடுபவை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, மெக்னீசியம் முதல் வகை. பற்றாக்குறை வந்தால் செடி முதிய இலைகளைக் கலைத்து அவற்றிலுள்ள சத்தைக் குருத்துக்கு அனுப்பிவிடும். ஆகவே அடியிலை முதலில் வாடும். இரும்பு, மாங்கனீசு, கால்சியம், போரான் இரண்டாம் வகை. வேரிலிருந்து வருவது நின்றால் அடியிலையில் இருப்பதை எடுத்துத் தர வழியில்லை. ஆகவே குருத்து முதலில் வெளிறும். கந்தகமும் துத்தநாகமும் நடுவில் நிற்பவை, ஆனாலும் பெரும்பாலும் இளம் இலைகளிலேயே தம்மைக் காட்டும். கீழே தொடங்கியதா, மேலே தொடங்கியதா என்ற இந்த ஒரு கேள்வி எந்த ஆய்வகக் கருவிக்கும் முன்னால் கேட்கப்பட வேண்டியது. இதைக் கேட்காமலே உரக்கடைக்குப் போவதால்தான் பாதிச் செலவு வீணாகிறது.

அடியிலை முழுவதும் ஒரே சீராக, நரம்பும் சேர்த்து வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. நெல், மக்காச்சோளம் போன்ற புல்லினங்களில் இது நுனியில் தொடங்கி நடுநரம்பு வழியாக உள்நோக்கி இறங்கும். செடி குட்டையாக, தண்டு மெலிந்து இருக்கும். நடவு செய்த நெல்வயலில் இந்தப் பச்சையின் அளவைக் கண்ணால் அளக்கவே இலை வண்ண அட்டை வந்தது. வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரையிலான பட்டைகள் கொண்ட அந்த அட்டையோடு, முழுதும் விரிந்த மேல் இலையை உடல் நிழலில் வைத்து ஒப்பிட வேண்டும். தமிழகப் பரிந்துரையில் வெள்ளைப் பொன்னிக்கு வரம்பு 3, மற்ற ரகங்களுக்கு 4. நிறம் அதற்குக் கீழே போனால்தான் தழைச்சத்து இட வேண்டும். ரகத்துக்கு ரகம் இயல்பான பச்சையே மாறுபடுகிறது என்பதை இந்த இரண்டு எண்கள் ஒப்புக்கொள்கின்றன. பக்கத்து வயல் ரகத்தின் கரும்பச்சையைப் பார்த்துத் தன் நாற்றைப் பசியில் வாடுவதாக நினைப்பவருக்கு இது பயன்படும்.

அடியிலையில் நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். ஓரம் மட்டும் மஞ்சளாகிப் பின் கருகினால் சாம்பல் சத்து, அல்லது உப்பு. தழைச்சத்துக் குறைவு போன்ற சீரான வெளிறல், ஆனால் இளம் இலையில் என்றால் கந்தகம். நாற்றுப் பருவத்தில் இம்மூன்று சத்துக் குறைவுகளும் அவ்வளவு அடிக்கடி வருவதில்லை.

அடிக்கடி வருவதும், அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இரும்புக் குறைவு. குருத்திலை மஞ்சளாகிறது, நரம்புகள் மட்டும் மெல்லிய பச்சை வலைபோல் நிற்கின்றன, முற்றினால் வலையும் மறைந்து இலை ஏறக்குறைய வெள்ளையாகிவிடுகிறது. அடியிலைகளோ நல்ல பச்சையில் இருக்கும். 1840-களில் பிரெஞ்சு அறிஞர் எசேப் கிரிஸ், இரும்பு உப்புக் கரைசலை வெளிறிய இலைகளுக்குக் கொடுத்துப் பச்சை திரும்புவதைக் காட்டினார். நுண்ணூட்டச் சத்து என்ற கருத்தே உருவாகாத காலம் அது. அவர் பயன்படுத்திய ஃபெரஸ் சல்பேட்தான் தமிழ் மருந்துக் கடைகளில் அன்னபேதி.

புவியோட்டின் எடையில் ஏறத்தாழ 5 விழுக்காடு இரும்பு. செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். அப்படியிருக்க ஒரு நாற்று இரும்பின்றி வாடுவது விந்தையாகத் தோன்றும். விடை, மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்பதில் இல்லை, எவ்வளவு கரைகிறது என்பதில் இருக்கிறது. காற்றோட்டமுள்ள மண்ணில் இரும்பு, துருவின் வடிவில் இருக்கிறது. மண்ணின் பிஎச் மதிப்பு ஓர் அலகு உயரும்போது அந்த இரும்பின் கரைதிறன் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு சரிகிறது. பிஎச் 6-இல் தட்டுப்பாடில்லாமல் வளரும் நாற்று, 8-ஐ நெருங்கும் சுண்ணாம்பு மண்ணில் இரும்புக்கு நடுவே பட்டினி கிடக்கிறது.

தாவரங்கள் இதற்கு இரண்டு வழிகளைக் கண்டுபிடித்திருக்கின்றன. தக்காளி, நிலக்கடலை போன்றவை வேரைச் சுற்றி அமிலத்தைச் சுரந்து, இரும்பை எளிதில் கரையும் ஃபெரஸ் வடிவுக்கு மாற்றி உறிஞ்சுகின்றன. புல்லினங்களோ இரும்பைக் கவ்விப் பிடிக்கும் கரிமச் சேர்மங்களை மண்ணில் வெளிவிட்டு, இரும்போடு சேர்த்து அவற்றைத் திரும்ப இழுத்துக்கொள்கின்றன. ஓட்ஸ், நெல் வேர்களைக் கழுவிய நீரில் இத்தகைய சேர்மங்கள் இருப்பதை ஜப்பானின் தக்காகி 1976-இல் வெளியிட்டார். ஆனால் நெல் இந்தச் சேர்மங்களைப் பார்லி அளவுக்குத் தாராளமாகச் சுரப்பதில்லை. நீர் நிற்கும் வயலில் வளர்ந்த பயிருக்கு அந்தத் தேவை குறைவு; கரைந்து கிடக்கும் ஃபெரஸ் இரும்பை நேரடியாகவே உறிஞ்சும் திறனும் அதற்கு உண்டு.

இங்கேதான் நீரின் இரட்டை வேடம் வெளிப்படுகிறது. சுண்ணாம்பு மண்ணில் போட்ட புழுதி நாற்றங்காலில் நெல் நாற்றின் குருத்து வெளிறினால், நீரைக் கட்டி நிறுத்துவதே பல நேரங்களில் போதுமான வைத்தியம். நீர் நிற்கும் மண்ணில் சில நாட்களில் ஆக்சிஜன் தீர்ந்து, நுண்ணுயிர்கள் துருவிலுள்ள இரும்பைக் கரையும் வடிவுக்கு மாற்றிவிடுகின்றன. அதே சுண்ணாம்பு மண்ணில் நிலக்கடலைக்கு நடப்பது நேர்மாறானது. நல்ல மழைக்குப் பின் இளஞ்செடிகள் திட்டுத் திட்டாக மஞ்சளாகின்றன. நிலம் காய்ந்ததும் தாமே தேறுகின்றன. ஈரம் மிகுந்த மண்ணில் வேரும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயு வெளியேற வழியின்றித் தேங்கிச் சுண்ணாம்பைக் கரைக்கிறது. அதனால் பைகார்பனேட் பெருகுகிறது. வேர் சுரக்கும் அமிலத்தையெல்லாம் அது செயலிழக்கச் செய்துவிடுகிறது. நெல்லுக்கு மருந்தாகும் நீர் கடலைக்கு நோயாவதன் வேதியியல் இதுதான். கடினத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை நாள்தோறும் குழித்தட்டில் ஊற்றும்போதும் பைகார்பனேட்தான் சேர்கிறது. குழியில் மண்ணுக்குப் பதிலாக நிரப்பிய, ஒரு கைப்பிடிக்கும் குறைவான வளர்ப்பு ஊடகம் அதை வெகுகாலம் தாங்காது. நல்ல பிஎச் மதிப்பில் தொடங்கிய தட்டு மூன்றாவது வாரத்தில் குருத்து வெளிறிய நாற்றுகளோடு நிற்பதற்குப் பல இடங்களில் நீரே காரணம்.

இலையை ஆய்வகத்துக்கு அனுப்பினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. வெளிறிய இலையில் மொத்த இரும்பு, பச்சை இலையில் உள்ள அளவுக்கே இருப்பதுண்டு. சில சமயம் கூடுதலாகவும் இருக்கும். இலைக்குள் வந்தும் பயன்படாத வடிவில் அது தங்கிவிடுகிறது. இந்தியாவில் கத்யாலும் சர்மாவும் 1980-இல் வெளியிட்ட முறை இதற்கு ஒரு தீர்வு தந்தது. பச்சிலையை ஃபெனாந்த்ரோலின் கரைசலில் ஊறவைத்தால் ஃபெரஸ் இரும்பு மட்டும் அதனோடு சேர்ந்து ஆரஞ்சு நிறம் கொள்ளும். அந்த நிறத்தின் அடர்த்தியே இலைக்கு உண்மையில் பயன்படும் இரும்பின் அளவு.

நாற்றங்காலிலேயே செய்யக்கூடிய சோதனை இதைவிட எளிது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியைக் கரைத்து, அதில் ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்து, வெளிறிய இலை ஒன்றின் பாதியில் மட்டும் மெல்லிய தூரிகையால் தடவ வேண்டும். மற்றப் பாதி அப்படியே இருக்கட்டும். சில நாட்களில் தடவிய பகுதி மட்டும் பச்சையானால் இரும்புக் குறைவு உறுதி. தடவாத பாதி மஞ்சளாகவே நிற்பதும் சான்றுதான். இரும்பு இலைக்குள் இடம்பெயர்வதில்லை என்பதை அது கண்முன் காட்டுகிறது. இதே காரணத்தால் அன்னபேதி தெளித்த நாற்றில் பச்சைப் புள்ளிகள் திட்டுத் திட்டாக வரும். புதிய குருத்துக்கு மறுபடியும் தெளிக்க வேண்டியிருக்கும். கரைசலை அன்றன்றே தயாரிப்பது நல்லது. வைத்திருந்தால் பழுப்பேறித் துருவாகிவிடும்.

நெல்லில் இரும்போடு குழப்பிக்கொள்ளப்படுவது துத்தநாகக் குறைவு. இமயமலை அடிவாரத் தராய் நிலங்களில் நெல்லைத் தாக்கிய ‘கைரா’ நோய்க்குக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஒய். எல். நேனே 1966-இல் அது நோயே இல்லை, துத்தநாகக் குறைவு என்று காட்டினார். இளம் இலையின் அடிப்பகுதியில் நடுநரம்பை ஒட்டி வெளுப்பு. பிறகு முதிய இலைகளில் துருநிறப் புள்ளிகள். வயலில் ஓரிடம் வளர்ந்தும் ஓரிடம் குட்டையாகவும் நிற்கும் ஒழுங்கின்மை. எக்டருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் என்ற பரிந்துரை இன்று நெல் விவசாயிகளுக்கு மனப்பாடம். இரும்புக்கு மருந்தாக நீர் கட்டுபவர் இங்கே கவனமாக இருக்க வேண்டும்: நீர் தேங்கிய மண்ணில் துத்தநாகத்தின் கிடைப்பு குறைகிறது.

இதுவரை சொன்னது எல்லாம் பசி. ஆனால் குழித்தட்டிலும் பையிலும் வளரும் காய்கறி நாற்றுகளில் மஞ்சளுக்கு முதல் காரணம் பசியாக இருப்பது அரிது; நீர் மிகுதிதான் அந்த இடத்தைப் பிடிக்கிறது. நீரூற்றும் கை நல்லெண்ணத்தோடுதான் ஊற்றுகிறது. வேரும் மூச்சு விடும் உறுப்பு என்பது மறந்துபோகிறது. காற்றைவிட நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. ஊடகத்தின் துளைகளெல்லாம் நீரால் நிரம்பினால் வேர் தன்னிடமுள்ள ஆக்சிஜனை விரைவில் தீர்த்துவிடுகிறது. ஆற்றல் இல்லாத வேர் சத்தை உறிஞ்சாது, நீரையும் சரியாக உறிஞ்சாது. அதனால்தான் சொட்டச் சொட்ட நனைந்த தட்டில் நாற்று தாகத்தில் இருப்பதுபோல் தலை தொங்குகிறது; அதைப் பார்த்து இன்னும் நீர் ஊற்றப்படுகிறது. தக்காளியில் இந்தத் தொங்கலுக்குத் தனி வேதியியலே உண்டு. ஆக்சிஜன் இல்லாத வேரில் எத்திலீனின் முன்பொருள் உருவாகிச் சாற்றோடு மேலேறுகிறது. ஆக்சிஜன் கிடைக்கும் இலையில் அது எத்திலீன் வாயுவாகி, இலைக்காம்பின் மேற்புறத்தைக் கூடுதலாக வளரச் செய்து இலையைக் கீழ்நோக்கி வளைக்கிறது. வாடிய இலை துவண்டிருக்கும். இந்த இலை விறைப்பு மாறாமலே கீழ்நோக்கி வளைந்திருக்கும். தொட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

குழித்தட்டின் ஆழக் குறைவு இந்தச் சிக்கலைக் கூட்டுகிறது. காயப்போட்ட ஈரவேட்டியின் கீழ்க்கரை கடைசிவரை காயாமல் இருப்பதுபோல், எந்தக் கலத்திலும் வடிந்தபின் அடியில் ஒரு நீர்நிறை அடுக்கு தங்கும். அந்த அடுக்கின் உயரத்தை ஊடகத்தின் துளை அளவுதான் தீர்மானிக்கிறது. கலத்தின் உயரத்துக்கு அதில் பங்கில்லை. உயரமான பையில் அந்த அடுக்கு ஒரு சிறு பகுதி. தமிழகத்தில் தக்காளிக்கும் மிளகாய்க்கும் பரவலாகப் பயன்படும் 98 குழித் தட்டில் அது குழியின் பெரும்பகுதி. அடியில் துளை இருப்பதால் மட்டும் வடிகால் இருக்கிறது என்று ஆகிவிடாது. நீரூற்றும் நேரத்தை மேற்பரப்பின் நிறத்தை வைத்து முடிவு செய்வதைவிடத் தட்டைத் தூக்கிப் பார்த்து எடையை வைத்து முடிவு செய்வது நம்பகமானது.

அந்தத் தட்டுகளை நிரப்பும் தென்னை நார்க்கழிவிலும் இரண்டு பொறிகள் உள்ளன. மக்காத நார்க்கழிவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 112-க்கு 1. அதைச் சிதைக்க வரும் நுண்ணுயிர்கள் தங்கள் உடல் வளர்ச்சிக்குத் தேவையான தழைச்சத்தை ஊடகத்திலிருந்தே எடுத்துக்கொள்கின்றன, நாற்றுக்கு மிச்சமில்லை. யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் சேர்த்து மக்கவைத்தால் விகிதம் 24-க்கு 1 என்ற அளவுக்கு இறங்குகிறது. இரண்டாவது பொறி உப்பு. தென்னை நாரில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் அதிகம். கழுவினால் கரைந்த உப்பு போகும். ஆனால் நாரின் பரப்பில் ஒட்டியிருக்கும் பொட்டாசியமும் சோடியமும் எளிதில் விடுவதில்லை. பின்னால் இடும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் நார் தன்பால் பிடித்துக்கொண்டு, அவற்றுக்குப் பதிலாகச் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் நாற்றுக்கு விடுகிறது. உரமிட்டும் மெக்னீசியக் குறைவு தெரியும் நாற்றுகள் இப்படித்தான் உருவாகின்றன. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்துக் கழுவிய நார்க்கழிவு விலை கூடுதலாக விற்கப்படுவதற்கு இதுவே நியாயம்.

உப்பு மிகுதியால் வரும் மஞ்சளுக்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு: இலை நுனியும் ஓரமும் பழுப்பாகிக் கருகும், அதை ஒட்டித்தான் மஞ்சள் இருக்கும். அளவு மீறிய யூரியா, சரியாக மக்காத கோழி எரு, உவர்நீர் ஆகிய மூன்றுமே இதே முகத்தைக் காட்டும். நல்ல நீரால் தட்டை நன்றாக அலசி வடியவிடுவதே தீர்வு. வேறெந்த மருந்தும் உப்போடு உப்பாகச் சேரும்.

வேரைப் பார்க்க ஒரு நாற்றைத் தியாகம் செய்தே ஆக வேண்டும். நல்ல வேர் வெண்மையாக, நுனி வரை உறுதியாக இருக்கும். பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் உறைபோல் உருவி, உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் பித்தியம் போன்ற அழுகல் பூசணம் புகுந்துவிட்டது என்று பொருள். மண்ணை ஒட்டிய தண்டு நீர்க்கோத்துச் சுருங்கி நாற்று கூட்டமாகச் சாய்ந்தால் நாற்றழுகல். அது பெரும்பாலும் ஈரம் மிகுந்த, நெருக்கமாக விதைத்த இடத்தில் தொடங்கி வட்டமாகப் பரவும். வேரில் சிறு முடிச்சுகள் தெரிந்தால் நூற்புழு. ஆனால் பயறு வகைகளின் வேரில் உள்ள முடிச்சுகளை நூற்புழுவென்று கொள்ளக்கூடாது. ரைசோபியம் முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தள்ளினால் உதிரும்; நூற்புழு முடிச்சில் வேரே வீங்கியிருக்கும்.

நச்சுயிரிகள் தரும் மஞ்சள் சத்துக் குறைவின் ஒழுங்கை மீறுவது. வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமல் நோயில் இரும்புக் குறைவின் படம் தலைகீழாகிறது: நரம்புகள் மஞ்சள் வலையாக ஒளிர, இடைப்பகுதி பச்சையாக நிற்கும். பம்பாய் மாகாணத்தில் 1924-இல் பதிவான இந்த நோயை வெள்ளை ஈ பரப்புகிறது. உளுந்திலும் பாசிப்பயறிலும் வரும் மஞ்சள் தேமலுக்கும் அதே ஈதான் வாகனம். அங்கே இளம் இலையில் ஒழுங்கற்ற பளிச்சென்ற மஞ்சள் புள்ளிகள் தோன்றிப் பெருகி இணையும். சத்துக் குறைவு இலையின் இடது வலது பாதிகளில் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். நச்சுயிரிக்கு அந்தச் சமச்சீர் கிடையாது. ஒரு வரிசையில் நல்ல செடிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் மஞ்சளாக நிற்பதும் நச்சுயிரியின் வழக்கம். இந்த நிறத்தின் அழகு பழங்காலத்திலேயே கண்ணில் பட்டிருக்கிறது. ஜப்பானியப் பேரரசி கோகென் 752-இல் எழுதிய கவிதை ஒன்று, கோடைகாலத்திலேயே மஞ்சளான செடியொன்றைக் குறிப்பிடுகிறது. அந்த நிறத்துக்கு ஒரு நச்சுயிரியே காரணம் என 2003-இல் ஆய்வாளர்கள் காட்டினர். தாவர நச்சுயிரி நோய் பற்றிய ஆகப் பழைய பதிவாக அது கருதப்படுகிறது.

நெல்லின் துங்ரோ நோயைத் தழைச்சத்துக் குறைவிலிருந்து பிரிக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. நலமான இலை பகலில் சேர்த்த மாவுப்பொருளை இரவில் செடியின் மற்றப் பாகங்களுக்கு அனுப்பிவிடும். துங்ரோ தாக்கிய இலையில் அது அடைபட்டுக் கிடக்கும். விடியும் முன், காலை ஆறு மணிக்குள், இலை நுனியைப் பறித்து அயோடின் கரைசலில் நனைத்தால் நோயுற்ற இலையில் கருநீலக் கோடுகள் தெரியும். வெயில் ஏறிய பின் பறித்தால் சோதனை பயனற்றது. அப்போது எல்லா இலையிலும் மாவு இருக்கும். துங்ரோ உறுதியானால் அதைப் பரப்பும் பச்சைத் தத்துப்பூச்சியைக் கட்டுப்படுத்தலாம். தாக்கப்பட்ட நாற்றை எந்த உரமும் மீட்காது.

இலைப்பேன் இன்னும் எளிதில் அகப்படும். நெல் நாற்றின் இலைநுனி ஊசிபோல் சுருண்டு, வெள்ளி கலந்த மஞ்சள் கோடுகளோடு இருந்தால், உள்ளங்கையை நனைத்து நாற்றுகளின் மேல் தடவிப் பார்ப்பது தமிழக நாற்றங்கால்களில் பரிந்துரைக்கப்படும் முறை. பன்னிரண்டு முறை தடவியதில் 60 பூச்சிகள் ஒட்டினால் மருந்தடிக்கலாம், அதற்குக் குறைந்தால் வேண்டாம். சிலந்திப்பேன், அசுவினி, வெள்ளை ஈ ஆகியவை இலையின் அடிப்புறத்தில் இருப்பவை; இலையைத் திருப்பிப் பார்க்காதவருக்கு அவை தெரிவதேயில்லை.

மிக அரிதாக, மஞ்சள் பிறவியிலேயே வரும். நல்ல நாற்றுகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பால்வெள்ளையாகவோ எலுமிச்சை நிறத்திலோ முளைக்கும் நாற்று பச்சையம் உருவாக்கும் மரபணுவில் பழுதுள்ளது; நெல்லில் அது விதையின் சேமிப்பு தீரும்வரை, ஏறக்குறைய மூன்றாம் இலை வரை, உயிரோடிருக்கும். கார்ல் காரன்ஸ் 1909-இல் அந்திமந்தாரையை வைத்து இன்னொரு வகையைக் காட்டினார். வெள்ளைக் கிளையில் விளைந்த விதைகள், எந்தக் கிளையின் மகரந்தம் பட்டிருந்தாலும், வெள்ளை நாற்றையே தந்தன. பச்சையத்தைச் சுமக்கும் பசுங்கணிகங்கள் அங்கே தாய்வழியாக மட்டுமே வருகின்றன. மெண்டலின் விதிகளுக்கு அடங்காத பாரம்பரியத்துக்கு முதல் சான்றுகளில் ஒன்று இந்த வெளிறிய நாற்றுதான். நாற்றங்காலில் இதற்குச் செய்ய வேண்டியது பிடுங்கி எறிவது.

காரணம் கண்டு சரிசெய்த பின்னும் பார்க்க வேண்டிய இடம் மஞ்சளான இலையன்று. தழைச்சத்துக் குறைவில் கலைக்கப்பட்ட அடியிலை பெரும்பாலும் முழுப் பச்சைக்குத் திரும்பாது. அது தேறவில்லையே என்று மறுபடி உரமிடுவது உப்பில் போய் முடியும். புதிதாக விரியும் இலை நல்ல நிறத்தில் வருகிறதா என்பதே அளவுகோல். வேர் நொந்த நாற்றுக்குப் புதிய வெண்வேர் தோன்றும்வரை உரத்தை முற்றிலும் நிறுத்திவைப்பது நல்லது. ஒரே நேரத்தில் அன்னபேதியும் யூரியாவும் பூசணக்கொல்லியும் கலந்து அடிப்பவர்கள் உண்டு. நாற்று தேறினாலும் எது தேற்றியது என்று அவர்களுக்குத் தெரியாது, அடுத்த பருவத்தில் மூன்றையும் வாங்குவார்கள். ஒரு தட்டுக்கு ஒரு மாற்றம், பக்கத்தில் எதுவும் செய்யாத ஒரு தட்டு என்று வைத்தால் ஒரு வாரத்தில் விடை கிடைக்கும்.

எதற்கும் பிடிபடாத மஞ்சளை மண் ஆய்வகத்துக்கு அனுப்பும்போது, நோயுற்ற நாற்றோடு அதே வயதும் ரகமும் உடைய நலமான நாற்றையும், இரண்டும் வளர்ந்த ஊடகத்தையும், பாய்ச்சும் நீரில் ஒரு புட்டியையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். தனியாக வரும் ஓர் எண்ணுக்கு அங்கே ஒப்பிட ஆளில்லை.